முதல் முட்டை வீட்டுக்கு, பிறகு வரும் முட்டை அடைக்கு



போன கூட்டமைப்புக் கூட்டத்தில் சேமிப்பு, கடன் பாக்கி எல்லாம் பேசி முடித்த பிறகு, காவலூர் பக்கத்துக் குழு உறுப்பினர் ஒருவர் எழுந்து நின்றார். "வாத்து வாங்க குழுவுல உள்கடன் குடுத்தீங்க. வாத்து நல்லாத்தான் வளர்ந்துச்சு, முட்டையும் வச்சுது. ஆனா அடை வச்சா குஞ்சு வரல. எனக்குக் கைராசி இல்லன்னு ஊர்ல பேசுறாங்க. வாத்தை சந்தையில வித்துட்டு கடனைக் கட்டிடட்டுமா?" என்று கேட்டார்.

கூட்டத்தில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அவரிடம் ஒவ்வொன்றாகக் கேட்டோம். 10 பெட்டை, 2 ஆண். எல்லாம் ஒரே நாளில் பொரித்த குஞ்சுகள், ஒரே இடத்தில் வாங்கியவை. ஐந்தாம் மாதம் முட்டை வைக்க ஆரம்பித்தன. கடனைச் சீக்கிரம் அடைக்க வேண்டும் என்ற ஆசையில், முதல் நாளில் இருந்து வந்த முட்டையை எல்லாம் சேர்த்து வைத்தார். மூன்று அடைக்கோழிக்கு 30 முட்டை வைத்தார். 28 நாள் காத்திருந்தார். வந்தது நாலே குஞ்சு. மீதி எல்லாம் கூமுட்டை.

நஷ்டம் 26 முட்டை மட்டும்தானா? மூன்று கோழியும் ஒரு மாதம் வீணாகப் படுத்தன. அந்த நேரத்தில் அவை தங்கள் சொந்த முட்டையைப் பொரித்து, குஞ்சு நடத்திக்கொண்டு திரிந்திருக்கும். எல்லாவற்றுக்கும் மேலே, அந்த அக்காவுக்கு வந்த பேர்.

சகோதரிகளே, இதில் கைராசி எதுவும் இல்லை. வாத்து மேலும் குற்றம் இல்லை. வயசுதான் காரணம். முட்டை வைக்கும் வயசு வேறு, அடைக்கு முட்டை தரும் வயசு வேறு. இந்த இரண்டுக்கும் நடுவில் குறைந்தது ஒன்றரை மாதம் இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்தக் கட்டுரை.

எந்த வாத்து எப்போது முட்டை வைக்கும்?

நம் ஜவ்வாது மலையில் வீட்டுக்கு வீடு கோழி உண்டு, வாத்து குறைவு. ஆனால் மலையை விட்டு இறங்கினால் ஆரணி, செய்யாறு பக்கம் வாத்து மேய்ப்பது பரம்பரைத் தொழில். நெல் அறுத்த வயலில் நூற்றுக்கணக்கான வாத்துகளை ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போவார்கள். அந்த நாட்டு வாத்துக்கு ஆரணி வாத்து என்றே பேர். அதில் நிறத்தை வைத்து சன்யாசி, கீரி என்று இரண்டு வகை சொல்வார்கள். நம் உறுப்பினர்கள் வாங்குவது பெரும்பாலும் இந்த நாட்டு வாத்து, இல்லாவிட்டால் காக்கி கேம்பெல்.

காக்கி கேம்பெல் பற்றி ஒரு சேதி. இந்த இனத்தை உண்டாக்கியது ஏதோ பெரிய பண்ணையோ கம்பெனியோ இல்லை. இங்கிலாந்தில் ஒரு கிராமத்தில் இருந்த கேம்பெல் அம்மையார் என்ற குடும்பப் பெண்தான். வீட்டில் இருந்த நல்ல முட்டை வாத்தை மற்ற இன வாத்துகளோடு சேர்த்து, பொறுமையாகப் பொறுக்கி எடுத்து, 1900ஆம் ஆண்டை ஒட்டி இதை உருவாக்கினார். அன்றைய சிப்பாய்களின் உடுப்பு நிறத்தில் இருந்ததால் காக்கி என்று பேர் வந்தது. நல்ல பராமரிப்பில் இது வருடத்துக்கு 280 முட்டை அளவுக்குக்கூட வைக்கும். பொறுமையாகப் பொறுக்கி எடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதுவே சாட்சி.

முட்டை தொடங்கும் வயசு சுமாராக இப்படி இருக்கும்:

• காக்கி கேம்பெல்: நல்ல தீவனத்தில் நாலு, நாலரை மாதம். மேய்ச்சலை மட்டும் நம்பினால் ஐந்து மாதம்.
• நாட்டு வாத்து: ஐந்து முதல் ஆறு மாதம்.
• வெள்ளை பெக்கின் (கறி வாத்து): சுமார் ஆறு மாதம்.
• மணிலா வாத்து: ஆறு முதல் ஏழு மாதம்.

முதல் முட்டையை ஏன் அடை வைக்கக் கூடாது?

மூன்று காரணம் உண்டு.

ஒன்று, முட்டை சின்னது. புதிதாக முட்டை வைக்கும் வாத்தின் முட்டை அளவில் சிறுத்திருக்கும். சிலது தோல்முட்டையாக வரும், சிலதில் இரண்டு கரு இருக்கும். சின்ன முட்டையில் குஞ்சு வந்தாலும் அது சின்னதாக, சோனியாக இருக்கும். முதல் வாரத்திலேயே நிறைய செத்துப்போகும்.

இரண்டு, ஆண் வாத்து தயாராக இல்லை. பெட்டையை விட ஆண் கொஞ்சம் தாமதமாகத்தான் பக்குவம் ஆகும். இரண்டும் ஒரே நாளில் பொரித்தவை என்றால், பெட்டை முட்டை வைக்க ஆரம்பிக்கும்போது ஆண் இன்னும் இளசு. மேலே ஏறும், ஆனால் கரு பிடிக்காது.

மூன்று, பெட்டையின் உடம்பு இன்னும் முழுதாக நிலைக்கவில்லை. அது சாப்பிடும் சத்து தன் வளர்ச்சிக்கும் போக வேண்டும், முட்டைக்கும் போக வேண்டும். முட்டைக்குள் குஞ்சுக்கு வேண்டிய சத்து குறைந்துவிடும்.

அதனால் முதல் ஒன்றரை மாத முட்டையை வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள், மீதியை விற்றுக் கடன் தவணை கட்டுங்கள். சாப்பிட அந்த முட்டையில் ஒரு குறையும் இல்லை.

அடைக்கு முட்டை எடுக்க நாலு கணக்கு

1. பெட்டைக்கு: முதல் முட்டை வைத்ததில் இருந்து ஆறு வாரம் போகட்டும். அப்போது வயசு ஆறரை மாதத்தை ஒட்டி வரும்.

2. ஆணுக்கு: ஏழு மாதம் ஆகியிருந்தால் நல்லது. வாங்கும்போதே பெட்டையை விட ஒரு மாதம் மூத்த ஆணாகப் பார்த்து வாங்குங்கள்.

3. சேர்ந்திருக்கும் நாள்: ஆணைப் புதிதாகக் கூட்டத்தில் விட்டால், முதல் இரண்டு வார முட்டையை அடைக்கு எடுக்காதீர்கள்.

4. முட்டை எடைக்கு: ஒரு முட்டை 65 கிராம் இருக்க வேண்டும். எடைபோட மிஷின் இல்லையே என்று யோசிக்க வேண்டாம். மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பாருங்கள். ஒரு கிலோவுக்கு 15 முட்டை நின்றால் சரி. 18 முட்டை நின்றால் இன்னும் சின்னது, பொறுங்கள்.

மாதக் கணக்கில் சொன்னால் சுலபமாக நினைவில் நிற்கும். ஆடி முதல் தேதி பொரித்த குஞ்சு கார்த்திகையில் முட்டை தொடங்கும். பொங்கல் அன்றைக்கு அதற்கு 26 வாரம், அதாவது ஆறு மாதம் நிறையும். பொங்கல் கழித்து முட்டை சேர்த்து அடை வைத்தால் மாசியில் குஞ்சு இறங்கும். மழையும் கடுங்குளிரும் முடிந்த காலம். குஞ்சு பிழைக்க ஏற்றது.

ஆண் எது, பெட்டை எது?

இரண்டு மாதம் ஆனதும் குரலைக் கேளுங்கள். 'குவாக் குவாக்' என்று ஊரைக் கூட்டினால் பெட்டை. தொண்டை கட்டியது போல் கரகரத்தால் ஆண். வளர்ந்த ஆணுக்கு வால் மேல் ஒன்றிரண்டு இறகு மேல்நோக்கிச் சுருண்டிருக்கும். காக்கி கேம்பெல் ஆணுக்குத் தலையும் கழுத்தும் கருத்த பச்சையாகப் பளபளக்கும்.

6 முதல் 8 பெட்டைக்கு ஒரு ஆண் போதும். ஆண் அதிகமானால் சண்டை போடும், பெட்டையின் முதுகு இறகைப் பிய்த்துவிடும். நொண்டாத கால், தெளிவான கண், நல்ல உடம்பு உள்ள ஆணைத் தேர்ந்தெடுங்கள். வாத்து தண்ணீரில் இணைவதை விரும்பும். ஏரி, ஓடை இல்லாத வீட்டில் முற்றத்தில் ஒரு முழ ஆழத்துக்குக் குழி வெட்டி, பாலித்தீன் தாள் விரித்துத் தண்ணீர் ஊற்றினால் போதும். தண்ணீரை அடிக்கடி மாற்றுங்கள்.

ஒரு முக்கியமான விஷயம். ஒரே தாய் வயிற்றுக் குஞ்சுகளையே ஆணும் பெட்டையுமாக வைத்து இனம் பெருக்காதீர்கள். சொந்தத்துக்குள் சேர்ந்தால் போகப் போக கூமுட்டை கூடும், குஞ்சு சோனியாகும். இதற்கு நம் கூட்டமைப்பிலேயே வழி இருக்கிறது. ஒரு குழு தன் ஆண் வாத்தை அடுத்த ஊர்க் குழுவுக்குக் கொடுத்து, அங்கிருந்து ஒன்றை வாங்கிக்கொள்ளலாம். பணம் செலவில்லை. மாற்றும்போது நோய் இல்லாத வாத்தா என்று பார்த்து, பத்து நாள் தனியாக அடைத்து வைத்துப் பிறகு கூட்டத்தில் விடுங்கள்.

தீவனமும் வெளிச்சமும்

அடைக்கு முட்டை எடுக்க நாலு வாரத்துக்கு முன்பே தீவனத்தைக் கவனிக்க வேண்டும். ஒரு வாத்துக்கு நாளைக்கு 120 முதல் 150 கிராம் தீவனம் தேவை. வெளியில் நத்தை, புழு, பூச்சி மேய்ந்தால் இதில் குறைத்துக்கொள்ளலாம். உடைத்த தானியம், தவிடு, கொஞ்சம் புண்ணாக்கு அல்லது கருவாட்டுத் தூள் கலந்து, தண்ணீர் விட்டுப் பிசைந்து கொடுங்கள். முட்டை ஓடு கெட்டியாகக் கிளிஞ்சல் தூள் தனியாக வையுங்கள். தீவனம் வைக்கும் இடத்தில் தண்ணீர் இருந்தே ஆக வேண்டும். தண்ணீர் இல்லாமல் வாத்தால் தீவனத்தை விழுங்க முடியாது.

பூசணம் பிடித்த கடலைப் புண்ணாக்கு, பூசணம் பிடித்த மக்காச்சோளம் இரண்டையும் வாத்துக்குப் போடவே போடாதீர்கள். அதில் உள்ள விஷம் ஈரலைக் கெடுக்கும். கோழி தாங்கும் அளவைக்கூட வாத்து தாங்காது. "மாட்டுக்கு ஆகல, வாத்துக்குப் போடலாம்" என்ற பேச்சே வேண்டாம். மழைக்காலத்தில் மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகை மேல் அடுக்குங்கள்.

முட்டை வைக்கும் வாத்துக்கு நாளைக்கு 14 மணி நேரம் வெளிச்சம் நல்லது. கார்த்திகை, மார்கழியில் பகல் குறைவு. அப்போது விடியற்காலை இரண்டு மூன்று மணி நேரம் கொட்டகையில் ஒரு பல்பு போடலாம். நம் காவலூர் வானாய்வுக் கூடத்துக்கு நட்சத்திரம் பார்க்க இருட்டு வேண்டும், வாத்துக்கோ முட்டை வைக்க வெளிச்சம் வேண்டும். பல்பைக் கொட்டகைக்குள்ளே, கீழே பார்த்தபடி கட்டினால் இருவருக்கும் தொந்தரவு இல்லை. ஆனால் நாலரை மாதம் ஆகாத இளம் வாத்துக்கு பல்பு போடாதீர்கள். வெளிச்சம் காட்டி அவசரப்படுத்தினால் சீக்கிரம் முட்டை வரும், ஆனால் குருவி முட்டை போல வரும்.

முட்டையைச் சேர்ப்பது எப்படி?

வாத்து பெரும்பாலும் விடியற்காலையில்தான் முட்டை வைக்கும். காலை 9 மணி வரை கொட்டகையை விட்டு வெளியே விடாதீர்கள். முன்னாலேயே திறந்துவிட்டால் முட்டை ஓடையிலும் புதரிலும் போய்விடும். கீரிக்கும் பாம்புக்கும்தான் லாபம்.

காய்ந்த வைக்கோல் போட்டால் முட்டை சுத்தமாகக் கிடைக்கும். லேசான அழுக்கைக் காய்ந்த துணியால் துடையுங்கள். பச்சைத் தண்ணீரில் கழுவி அடை வைக்காதீர்கள், ஓட்டின் நுண்துளை வழியாக அழுக்கு உள்ளே போய் முட்டை அழுகும். கீறல் விட்டது, ரொம்ப நீளமானது, உருண்டையானது, ஓடு சொரசொரத்தது எல்லாவற்றையும் குழம்புக்கு ஒதுக்குங்கள்.

சேர்த்து வைப்பது ஏழு நாளுக்கு மேல் வேண்டாம். பங்குனி, சித்திரை வெயிலில் நாலு நாள் போதும். ஈர மணல் மேல் வைத்த மண்பானைக்குள் உமி போட்டு, கூரான முனை கீழே இருக்கும்படி அடுக்குங்கள். முட்டை மேலே பென்சிலால் தேதி எழுதுங்கள். கூட்டத்தில் கேள்வி கேட்ட அக்கா மூன்று வாரம் பரண் மேல் வைத்திருந்தார். நாலு குஞ்சு வந்ததே பெரிசு.

அடை வைக்கும்போது

நாட்டு வாத்தும் காக்கி கேம்பெலும் சரியாக அடை படுக்காது. அதனால் அடைக்கோழிதான் நமக்கு இன்குபேட்டர். ஆனால் கோழி முட்டைக்கு 21 நாள், வாத்து முட்டைக்கு 28 நாள். ஒரு வாரம் கூடுதலாகப் படுக்க வேண்டும். ஏற்கனவே பத்து நாள் வெறுமனே படுத்திருந்த கோழியை வைத்தால் கடைசியில் எழுந்து போய்விடும். புதிதாக அடைக்கு வந்த, கொஞ்சம் பெரிய கோழியாக வையுங்கள். கூடை பக்கத்திலேயே தீனியும் தண்ணீரும் இருக்கட்டும். பேன் இருந்தால் முதலிலேயே போக்கிவிடுங்கள்.

ஒரு கோழிக்கு 8 முதல் 10 முட்டை போதும். வாத்து முட்டை கனமானது, கோழியால் சரியாகப் புரட்ட முடியாது. தினமும் கோழி தீனிக்கு எழும்போது நீங்களே மெதுவாகப் புரட்டி விடுங்கள். அப்படியே வெதுவெதுப்பான தண்ணீரை லேசாகத் தெளியுங்கள். 25ஆம் நாளுக்குப் பிறகு புரட்ட வேண்டாம், தண்ணீர் மட்டும் தெளியுங்கள். ஓடு விரிசல் விட்ட பிறகு குஞ்சு வெளியே வர ஒரு நாளுக்கு மேலேயும் ஆகும். அவசரப்பட்டு ஓட்டை உரிக்காதீர்கள், ரத்தம் கசிந்து குஞ்சு செத்துப்போகும்.

மணிலா வாத்து தானே அடை படுக்கும். அதன் முட்டைக்கு 35 நாள். மணிலா ஆணும் நாட்டுப் பெட்டையும் சேர்ந்து வரும் குஞ்சு கறிக்கு ஆகும், அதைக் கொண்டு மேலும் இனம் பெருக்க முடியாது.

கூமுட்டை சொல்லும் காரணம்

ஏழாம் நாள் ராத்திரி, இருட்டில் டார்ச் லைட்டை முட்டையின் அகல முனையில் வைத்துப் பாருங்கள். சிலந்தி போல நரம்பு ஓடினால் கரு பிடித்திருக்கிறது. ஒன்றும் இல்லாமல் தெளிவாக இருந்தால் எடுத்துவிடுங்கள்.

28 நாள் கழித்தும் பொரிக்காத முட்டையைத் தூக்கி எறியாமல், தள்ளிப் போய் உடைத்துப் பாருங்கள்.

• கருவே இல்லாமல் இருந்தால்: ஆண் இளசு, அல்லது ஆண் போதவில்லை.
• ரத்த வளையம் அல்லது சின்னக் கரு செத்திருந்தால்: முட்டையை அதிக நாள் வைத்துவிட்டோம், அல்லது சூடு பட்டது, அல்லது தாய் வாத்துக்குச் சத்துப் போதவில்லை.
• முழுக் குஞ்சு உள்ளேயே செத்திருந்தால்: ஈரம் போதவில்லை, அல்லது கோழி நடுவில் எழுந்து போனதால் சூடு விட்டுப்போனது, அல்லது முட்டை சரியாகப் புரளவில்லை.

அந்த அக்காவிடம் கேட்டோம். "முக்கால்வாசி முட்டை தண்ணி மாதிரி தெளிவா இருந்துச்சு" என்றார். அப்போதே தெரிந்துவிட்டது. பரண் சூடும் கொஞ்சம் கெடுத்திருக்கும், ஆனால் பெரிய குறை ஆண் வாத்தின் வயசுதான்.

குஞ்சு இறங்கிய பிறகு

முதல் வாரம் குஞ்சுக்கு வெதுவெதுப்பு வேண்டும். நம் மலைக் குளிருக்கு ராத்திரியில் கூடைக்குச் சாக்குப் போட்டு மூடுங்கள், காற்று போக வழி விடுங்கள். குடிக்கும் தண்ணீர் அலகும் மூக்கும் முங்கும் ஆழத்துக்கு இருக்கட்டும், குஞ்சு உள்ளே இறங்கி நனையும்படி இருக்கக் கூடாது. வாத்துக் குஞ்சு தண்ணீரில் மிதக்கும் என்று உடனே ஏரியில் விடாதீர்கள். தாய் வாத்தோடு இருக்கும் குஞ்சுக்குத் தாயின் இறகில் உள்ள எண்ணெய் ஒட்டும். கோழி பொரித்த குஞ்சுக்கு அது கிடைக்காது. நனைந்து விறைத்துவிடும். மூன்று வாரம் போகட்டும். அப்புறம் விட்டால் குஞ்சு நீந்தும், கோழியம்மா கரையில் நின்று கத்திக்கொண்டு ஓடும். அது அவள் பாடு!

வாத்து பிளேக், வாத்து காலரா ஆகிய நோய்களுக்குத் தடுப்பூசி உண்டு. உங்கள் பகுதி கால்நடை மருந்தகத்தில் எப்போது போடுவது என்று கேளுங்கள். ஒரு குழுவில் நாலைந்து பேர் வளர்த்தால் எல்லோரும் ஒரே நாளில் போட்டுவிடலாம்.

உறுப்பினர் கேள்விகள்

எத்தனை வருடம் ஒரே பெட்டையிடம் முட்டை எடுக்கலாம்?
இரண்டு வருடம் தாராளமாக எடுக்கலாம். கோழி போல இல்லாமல் வாத்து இரண்டாம் வருடமும் நன்றாக முட்டை வைக்கும். இரண்டாம் வருட முட்டை பெரிதாக இருக்கும்.

ஆணே இல்லாமல் பெட்டை முட்டை வைக்குமா?
வைக்கும். விற்கவும் சாப்பிடவும் அது போதும். குஞ்சு வராது.

ஆண் செத்துப்போனால் அடுத்த நாளே அடை முட்டை நின்றுவிடுமா?
இல்லை. ஒரு வாரம் வரை வரும் முட்டையில் கரு இருக்க வாய்ப்பு உண்டு. அதற்குள் வேறு ஆண் பாருங்கள்.

வாத்துக் கடனுக்குத் தவணை எப்படி வைக்கலாம்?

இது குழுத் தலைவிகளும் ஊக்குநர்களும் கவனிக்க வேண்டியது. வாத்துக் குஞ்சு வாங்கக் கடன் கொடுத்துவிட்டு அடுத்த மாதமே தவணை கேட்டால் உறுப்பினர் எங்கே போவார்? முதல் ஐந்து மாதம் வாத்தினால் வரவு இல்லை, செலவுதான். அதன் பிறகு முட்டை வரவு. எட்டாம் மாதத்துக்கு மேல்தான் குஞ்சு வரவு. கடன் கொடுக்கும்போதே இதைத் தீர்மான நோட்டில் எழுதி, முதல் ஐந்து மாதம் வட்டி மட்டும், பிறகு முட்டை விற்று அசல் என்று முடிவு செய்யலாம். அப்படிச் செய்திருந்தால் அந்த அக்கா அவசரப்பட்டு இளம் முட்டையை அடை வைத்திருக்க மாட்டார். அவசரம் அவருடையது மட்டும் இல்லை, நாம் வைத்த தவணையும் அவரை அவசரப்படுத்தியது.

கடைசியில் என்ன ஆச்சு? அவர் வாத்தை விற்கவில்லை. கூட்டத்திலேயே தவணையை இரண்டு மாதம் தள்ளி வைத்தோம். வேறு குழுவில் இருந்து மூத்த ஆண் ஒன்று கைமாறி வந்தது. மூன்று வாரம் கழித்து, ஒரு கோழிக்கு 10 முட்டை வைத்தார். ஏழு குஞ்சு இறங்கியது. இந்தக் கூட்டத்துக்கு வந்தபோது ஒரு சின்னக் கூடையில் இரண்டு குஞ்சை எடுத்து வந்து காட்டினார். "கைராசியப் பத்தி இப்ப யாரும் பேசுறதில்ல. குஞ்சு எப்பக் குடுப்பேன்னுதான் கேக்குறாங்க" என்றார்.

அடுத்த குழுக் கூட்டத்தில் பேசுங்கள்

• நம் குழுவில் யார் யாரிடம் வாத்து இருக்கிறது? வயசு என்ன?
• ஆண் வாத்தை எந்தக் குழுவோடு மாற்றிக்கொள்ளலாம்?
• வாத்துக் கடனுக்குத் தவணையை எந்த மாதத்தில் இருந்து வைக்கலாம்?

பேசியதைத் தீர்மான நோட்டில் எழுதி, அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்கு உங்கள் பிரதிநிதியிடம் கொடுத்து அனுப்புங்கள்.